ஜெர்மனியில் மொழியியல் முதுகலை: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

ஜெர்மனியில் ஆங்கில வழியில் மொழியியல் முதுகலை படிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அந்த வழியில் போய் வந்தவள். அதன் பிறகு தமிழ், ஆங்கில இலக்கியம், கணினி அறிவியல் என்று வெவ்வேறு இளங்கலைப் பட்டங்களுடன் விண்ணப்பித்த பலருடைய கோப்புகளைப் படித்துத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். அவர்களில் தகுதி இல்லாமல் தவறியவர்கள் சிலர்தான். வரிசை மாறியதால் தவறியவர்களே அதிகம். முதலில் ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பிறகு சான்றிதழ்களுக்கு ஓடுகிறார்கள், கடைசி வாரத்தில் நோக்கக் கடிதம் எழுதுகிறார்கள். மொழியியலில் எதைப் படிக்கப்போகிறோம் என்ற கேள்வியை மட்டும் விமானம் ஏறும்வரை தள்ளிப்போடுகிறார்கள். அந்தக் கேள்வி முதலில் வர வேண்டும்.

கால அளவு பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. அந்த அக்டோபரில் வகுப்பில் உட்கார வேண்டுமானால், அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையிலேயே வேலையைத் தொடங்குங்கள். பதினைந்து மாதம் நீளமாகத் தோன்றும். கீழே உள்ள படிகளில் பாதி, பிறருடைய அலுவலகத்தில் உங்கள் தாள் காத்திருக்கும் நேரம்.

1. மொழியியல்தான் வேண்டுமா என்று சோதியுங்கள்

பல மொழிகள் கற்கப் பிடிக்கும் என்பவர்களும், இலக்கியத்தில் ஆழ்ந்தவர்களும், பிழையின்றி எழுதுவதில் அக்கறை உள்ளவர்களும் மொழியியலை நோக்கி வருகிறார்கள். மூன்றும் நல்ல குணங்கள்தான். ஆனால் மொழியியல் வகுப்பில் நடப்பது வேறு.

‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ ஆகிய மூன்று சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப்பாருங்கள். மூன்றிலும் ககரம் இருக்கிறது. மூன்றும் ஒரே ஒலி இல்லை. எந்த இடத்தில் எந்த ஒலி வரும் என்று ஒரு விதி எழுத முடியுமா? அந்த விதி ‘காந்தி’ என்ற பெயரின் முதல் ஒலியில் ஏன் உடைகிறது? அங்கே விதியைத் திருத்துவதா, கடன்சொற்களைத் தனியாக வைப்பதா? இந்தக் கேள்விகளோடு ஒரு மாலை முழுவதும் உட்கார முடிகிறது என்றால் தயங்காமல் வாருங்கள். ‘இதனால் என்ன பயன்’ என்று பத்து நிமிடத்தில் தோன்றினால், இலக்கியமோ மொழிபெயர்ப்போ மொழி கற்பித்தலோ உங்களுக்கு மேலும் நிறைவு தரும்.

இன்னொரு சோதனையும் உண்டு. சர்வதேச மொழியியல் ஒலிம்பியாட் 2003 முதல் பள்ளி மாணவர்களுக்காக நடக்கிறது. அதன் பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அறியாத மொழி ஒன்றின் பத்து வாக்கியங்களையும் அவற்றின் பொருளையும் கொடுத்து, இலக்கணத்தை நீங்களே கண்டுபிடிக்கச் சொல்வார்கள். முன்னறிவு தேவையில்லை. ஐந்து கணக்குகளைப் போட்டுப்பாருங்கள். முதுகலையின் முதல் செமஸ்டர் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

2. உட்பிரிவு முதலில், ஊர் பிறகு

ஜெர்மனியில் ஒவ்வொரு மொழியியல் துறைக்கும் தனி முகம் உண்டு. துறையின் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே நடப்பது வேறு. இதை அறியாமல் உலகத் தரவரிசையைப் பார்த்து விண்ணப்பிப்பதுதான் நான் அடிக்கடி கண்ட தவறு. அந்தத் தரவரிசையில் மருத்துவமும் இயற்பியலும் சேர்ந்து பேசுகின்றன. உங்கள் துறையில் இரண்டு பேராசிரியர்கள் என்ன ஆராய்கிறார்கள் என்பதை அது சொல்லாது.

வாக்கிய அமைப்பை ஆராயும் தொடரியல், சொல்லின் உள்ளமைப்பை ஆராயும் உருபனியல், ஒரு மொழியில் ஒலிகள் அமையும் விதிகளை ஆராயும் ஒலியனியல் போன்ற கோட்பாட்டுப் பகுதிகளில் ஈடுபாடு இருந்தால் லைப்சிக்கைப் பாருங்கள். கணினி மொழியியல் என்றால் ஸ்டுட்கார்ட், ட்யூபிங்கன், ஸார்லாந்து ஆகிய மூன்று பெயர்களும் உடனே வரும். சோதனைக்கூடத்தில் மனிதர் மொழியை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்று அளக்கும் உளமொழியியலுக்குப் போட்ஸ்டாம். பேச்சொலிகள் எப்படிப் பிறக்கின்றன, எப்படி ஒலிக்கின்றன என்று ஆராயும் ஒலியியலுக்கும், ஆவணப்படுத்தப்படாத மொழிகளைப் பதிவுசெய்யும் களஆய்வுக்கும் கொலோன். கொலோனில் தமிழும் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. ஆனால் அந்த ஒரு காரணத்துக்காக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். தமிழியல் வேறு, மொழியியல் வேறு.

செய்ய வேண்டியது இதுதான். மனத்தில் இருக்கும் ஒவ்வொரு துறையின் இணையதளத்திலும் பாடத்திட்டக் கையேட்டைத் தேடி இறக்குங்கள். அதில் எது கட்டாயப் பாடம், எது விருப்பப் பாடம், எது எந்த மொழியில் நடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘ஆங்கில வழி’ என்று முகப்பில் எழுதியிருக்கும். உள்ளே விருப்பப் பாடங்களில் பாதி ஜெர்மனில் நடக்கும். இதை முன்பே கவனிக்காமல் வந்து, இரண்டாம் செமஸ்டரில் எடுக்கப் பாடமில்லாமல் தவித்தவர்கள் உண்டு. ஐந்து அல்லது ஆறு துறைகளைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேல் போனால் எந்தக் கடிதத்தையும் ஒழுங்காக எழுத முடியாது.

3. உங்கள் பட்டத்தை அவர்கள் கண்ணால் படியுங்கள்

பல விண்ணப்பங்கள் இந்த இடத்தில்தான் விழுகின்றன. ஆகவே சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

பெரும்பாலான துறைகள், இளங்கலையில் குறிப்பிட்ட அளவு மொழியியல் படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கின்றன. அந்த அளவை ஐரோப்பிய கிரெடிட் முறையில், அதாவது ஈ.சி.டி.எஸ். கணக்கில் சொல்வார்கள். ஒரு ஈ.சி.டி.எஸ். என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. மூன்றாண்டு ஐரோப்பிய இளங்கலை மொத்தம் 180. உங்கள் பட்டம் மொத்தம் 140 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். அதில் 4 கிரெடிட் தாள் ஒன்று, விகிதப்படி 5 ஈ.சி.டி.எஸ். அளவுக்கு வரும். ஒரு துறை 30 கேட்டால், உங்களிடம் மொழியியல் என்று காட்டக்கூடிய ஆறு தாள்கள் இருக்க வேண்டும்.

‘என்னிடம் ஒன்றுகூட இல்லையே’ என்று தமிழ் இலக்கிய மாணவர்கள் சொல்வார்கள். இருக்கிறது, பெயர்தான் மறைக்கிறது. உங்கள் மதிப்பெண் பட்டியலில் ‘முதன்மைப் பாடம் 7’ என்றோ ‘நன்னூல் எழுத்ததிகாரம்’ என்றோ மட்டும் இருக்கும். அதைப் பார்க்கும் ஜெர்மானியப் பேராசிரியருக்கு ஒன்றும் புரியாது. அந்தத் தாளில் நீங்கள் படித்தது ஒலிகளின் பிறப்பிடம், எழுத்துகளின் வகைப்பாடு, சொற்கள் சேரும்போது நிகழும் ஒலிமாற்றம். அதாவது ஒலியியலும் உருபொலியனியலும். சொல்லதிகாரத்தில் நீங்கள் படித்தது சொல்வகை, வேற்றுமை, வினைத்திரிபு. அது உருபனியல்.

எனவே ஒவ்வொரு தாளுக்கும் அரைப் பக்கத்தில் ஆங்கில விளக்கம் தயாரியுங்கள்: தாளின் பெயர், கிரெடிட், வாரத்துக்கு எத்தனை மணி, என்னென்ன தலைப்புகள், எப்படித் தேர்வு. அதைத் துறைத்தலைவரிடம் காட்டி, கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். பாடத்திட்ட நகலும் உடன் இருக்கட்டும். நீங்கள் எழுதியதை அவர் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட அது உதவும். நீட்டி எழுதாதீர்கள். அணியிலக்கணத்தையும் காப்பியத்தையும் மொழியியல் கணக்கில் சேர்த்தால், சரியான மற்றத் தாள்களின் மீதும் சந்தேகம் விழும்.

உண்மையிலேயே தாள்கள் போதவில்லை என்றால் இரண்டு வழிகள் உண்டு. ஸ்வயம், என்.பி.டி.இ.எல். ஆகிய இணையவழிப் பாடத் தளங்களில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் மொழியியல் பாடங்கள் இருக்கின்றன. தேர்வெழுதிச் சான்றிதழ் பெறலாம். ஓரிரு தாள் குறையும்போது இது கைகொடுக்கும். முழுதாகவே இல்லை என்றால், இங்கேயே முதலில் மொழியியல் முதுகலை படிப்பது நல்லது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் துறை இருக்கிறது. இரண்டாண்டு வீணாகும் என்று நினைக்க வேண்டாம். அங்கிருந்து நேராக முனைவர் பட்டத்துக்கும் போகலாம்.

அடுத்தது மதிப்பெண். ஜெர்மனியில் 1.0 மிக உயர்ந்தது, 4.0 தேர்ச்சி எல்லை. உங்கள் சதவீதத்தை நீங்களே மாற்றிப் பார்க்கலாம். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, 3 ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். 72 சதவீதம் வாங்கியவருக்கு, தேர்ச்சி 40 என்றால், 28 ஐ 60 ஆல் வகுத்து, 3 ஆல் பெருக்கி, 1 கூட்டினால் 2.4 வரும். அதே 72க்குத் தேர்ச்சி மதிப்பெண் 50 என்று அவர்கள் எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 2.7 ஆகிவிடும். 2.5 க்குள் இருக்க வேண்டும் என்று கேட்கும் துறையில் இந்த வேறுபாடு வாசலிலேயே நிறுத்திவிடும். அதனால் தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு என்பது உங்கள் டிரான்ஸ்கிரிப்டில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் தனிக் கடிதம் வாங்குங்கள்.

4. இனிஷியலைச் சரிசெய்யுங்கள்

தமிழ்நாட்டு மாணவர்களுக்கே உரிய சிக்கல் இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், பட்டத்தில் முன்னால் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப்பெயராக. நமக்கு மூன்றும் ஒரே ஆள். சரிபார்க்கும் வெளிநாட்டு அலுவலருக்கு மூன்று பேர்.

பாஸ்போர்ட்டில் உள்ள வடிவத்தை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத் தேர்வு, விண்ணப்பம், வங்கிக் கணக்கு என்று இனி வாங்கப்போகும் எல்லாவற்றிலும் ஓர் எழுத்தும் மாறாமல் அதையே எழுதுங்கள். பழைய சான்றிதழ்களுக்கு, இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கின்றன என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் வாங்கி, எல்லா விண்ணப்பத்துடனும் இணையுங்கள். இன்னும் பாஸ்போர்ட் எடுக்கவில்லை என்றால் நல்லதாகப் போயிற்று: பெயர், குடும்பப்பெயர் ஆகிய இரண்டு கட்டங்களையும் நிரப்பி, இனிஷியலை விரித்து எழுதி வாங்குங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தால், அங்கே போன பிறகு ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரிடும்.

5. ஏ.பி.எஸ். சான்றிதழும் ஆங்கிலத் தேர்வும்

இந்தியாவில் படித்தவர்கள் ஜெர்மனியில் படிக்க விசா கேட்கும்போது, அவர்களுடைய கல்விச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று ஏ.பி.எஸ். அமைப்பு சரிபார்த்துத் தரும் சான்று 2022 நவம்பர் முதல் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தின்போதே அதைக் கேட்கின்றன. ஆகவே ‘அட்மிஷன் வரட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று விடாதீர்கள்.

இதை முன்கூட்டியே தொடங்கச் சொல்வதற்குக் காரணம், நேரம் உங்கள் கையில் இல்லை என்பதுதான். சில நேரம் வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். செமஸ்டர்வாரியான மதிப்பெண் பட்டியல் ஒன்று குறைந்தாலும் கோப்பு நின்றுவிடும். அரியர் எழுதித் தேறியவர்கள் பழைய பட்டியல், புதிய பட்டியல் இரண்டையும் வைக்க வேண்டும். அரியரை மறைக்கும் எண்ணத்தில் பழையதை விட்டுவிடுபவர்கள் உண்டு. அதனால் ஒரு நன்மையும் இல்லை, தாமதம் மட்டுமே மிச்சம்.

ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது டோஃபல். ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் 6.5 என்பது பல துறைகளின் எதிர்பார்ப்பு. மதிப்பெண் இரண்டு ஆண்டு செல்லுபடியாகும், எனவே தேர்வை முன்பே எழுதிவிடலாம். பயிற்றுமொழி ஆங்கிலம் என்ற கல்லூரிச் சான்றிதழைச் சில துறைகள் ஏற்கும், சில ஏற்காது. ஐந்து துறைக்கு விண்ணப்பிக்கும்போது அதை நம்பி இருப்பது ஆபத்து.

6. நோக்கக் கடிதம்: உங்கள் மொழியைத் தரவாகக் காட்டுங்கள்

‘மோட்டிவேஷன் லெட்டர்’ என்று அவர்கள் கேட்பதைத்தான் நோக்கக் கடிதம் என்கிறேன். ஒன்று அல்லது இரண்டு பக்கம். சில துறைகள் எழுத்து மாதிரி ஒன்றும் கேட்கும். இதில்தான் நம் மாணவர்களுக்கு மிகப் பெரிய பலம் இருக்கிறது. அதை அவர்களே கைவிட்டுவிடுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

நான் படித்த கடிதங்களில் பெரும்பான்மை, தமிழின் தொன்மையையும் சிறப்பையும் சொல்லித் தொடங்கின. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் கடிதத்தைப் படிப்பவர் தேடுவது, இந்த மாணவருக்கு மொழியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கத் தெரிகிறதா என்பதை. முதல் பத்தியில் பெருமை வந்தால், கேள்விக்கு இடம் போய்விடுகிறது.

கேள்வி எப்படி இருக்கும் என்று ஓர் எடுத்துக்காட்டு. ‘குமாருக்குத் தன் வீடு பிடிக்கும்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் எழுவாய் எது? குமார் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். வினை அவரோடு இயையவில்லை. குமார் இருந்தாலும் கமலா இருந்தாலும் ‘பிடிக்கும்’ மாறுவதில்லை. வடிவத்தைப் பார்த்தால் குமார் எழுவாய் இல்லை. ஆனால் ‘தன்’ என்ற சொல் குமாரைக் குறிக்கிறது. ‘தன்’ பொதுவாக எழுவாயைச் சுட்டும் சொல். ‘குமாரைத் தன் அண்ணன் அடித்தான்’ என்றால் என் காதுக்கு அது குமாரின் அண்ணனாகப் படவில்லை. ‘அவன் அண்ணன்’ என்றால்தான் சரியாகிறது. அப்படியானால் நான்காம் வேற்றுமைப் பெயர் ஒரு சோதனையில் எழுவாயாகவும், இன்னொரு சோதனையில் எழுவாய் அல்லாததாகவும் நடந்துகொள்கிறது. எழுவாய் என்பது ஒரே பண்பா, பல பண்புகளின் தொகுப்பா?

நான்கு வரியில் இதை எழுதிவிட்டு, இதைத் தொடரியலில் ஆராய விரும்புகிறேன், உங்கள் துறையில் இன்ன பாடமும் இன்ன ஆய்வுக் குழுவும் இருப்பதால் விண்ணப்பிக்கிறேன் என்று முடித்தால் கடிதம் நிற்கும். உங்கள் முடிவு சரியா என்று அவர்கள் பார்ப்பதில்லை. தரவைக் கையாளத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். இந்த எடுத்துக்காட்டையே எடுத்து எழுதிவிடாதீர்கள். நான்காம் வேற்றுமை எழுவாய் பற்றி ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பேச்சிலிருந்து, உங்கள் பாட்டி பேசுவதிலிருந்து ஒன்றைப் பிடியுங்கள்.

தரவைத் தாளில் வைப்பதற்கு ஒரு முறை உண்டு. லைப்சிக் உருபன் பகுப்பு விதிகள் என்று அதற்குப் பெயர். உருபன் என்பது பொருள் தரும் மிகச் சிறிய சொல்துண்டு. மூன்று வரி வேண்டும்: உருபன்களைச் சிறுகோட்டால் பிரித்த வாக்கியம், ஒவ்வொரு உருபனுக்கும் நேர் கீழே அதன் பொருள் அல்லது இலக்கணப் பெயர், பிறகு மொழிபெயர்ப்பு.

குமார்-உக்கு தன் வீடு பிடி-க்கும்
குமார்-நான்காம்வேற்றுமை தற்சுட்டு வீடு பிடி-எதிர்காலம்.அஃறிணை
பொருள்: குமார் தம் வீட்டை விரும்புகிறார்.

மேல்வரியில் எத்தனை சிறுகோடோ கீழ்வரியிலும் அத்தனை சிறுகோடு இருக்க வேண்டும். ஓர் உருபன் இரண்டு பொருள் தந்தால் இடையில் புள்ளி. விண்ணப்பத்தில் மூன்றாம் வரி ஆங்கிலத்தில் வரும், முதல் வரி ரோமன் எழுத்தில் வரும். ரோமன் எழுத்துக்கு ஐ.எஸ்.ஓ. 15919 முறையையோ சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி முறையையோ பின்பற்றி, கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். ழகரத்தை ஓரிடத்தில் ஒரு விதமாகவும் இன்னோரிடத்தில் வேறு விதமாகவும் எழுதினால், கவனக்குறைவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்பதையும், பேச்சு என்றால் எந்த வட்டாரம் என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டிலும் இலக்கணம் வேறுபடுகிறது. சொல்லாமல் விட்டால் தரவுக்கு மதிப்பில்லை. பிறருடைய பேச்சைப் பதிவுசெய்தால் அனுமதி கேட்டே செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்களானாலும் அப்படித்தான்.

எழுத்து மாதிரி கேட்டால் எட்டு முதல் பத்துப் பக்கம் போதும். இளங்கலை ஆய்வேடு இலக்கியம் பற்றியதாக இருந்தால் அதை அனுப்ப வேண்டாம். இதே போன்ற ஒரு கேள்வியை வைத்துப் புதிதாக எழுதுங்கள். மூன்று மாதம் ஆகும். ஜூலையில் தொடங்கச் சொன்னதற்கு முதன்மைக் காரணம் இதுதான்.

7. பரிந்துரைக் கடிதம்

உயர்ந்த பதவியில் இருப்பவரை விட, உங்கள் தாளைத் திருத்தியவர் மேல். கல்லூரி முதல்வர் எழுதும் ‘நல்லொழுக்கம் உள்ள மாணவி’ என்ற வரி எதற்கும் உதவாது. இலக்கணத் தாள் நடத்திய ஆசிரியர், நீங்கள் வகுப்பில் எழுப்பிய ஒரு கேள்வியைக் குறிப்பிட்டு எழுதினால் அது பேசும். அவருக்கு ஆறு வாரம் அவகாசம் கொடுங்கள். உங்கள் நோக்கக் கடிதம், மதிப்பெண் பட்டியல், கடைசித் தேதி ஆகிய மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். கல்லூரி மின்னஞ்சல் முகவரியிலிருந்து அவர் அனுப்புவது நல்லது.

8. விண்ணப்பம்

சில பல்கலைக்கழகங்கள் தங்கள் தளத்தில் நேரடியாக வாங்குகின்றன. சில, பல பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பின் வழியாக வாங்குகின்றன. யூனி-அசிஸ்ட்டில் ஒரு செமஸ்டரில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. பணம் அவர்கள் கணக்கில் சேர்ந்த பிறகுதான் கோப்பைத் திறக்கிறார்கள். கடைசி நாளில் பணம் கட்டுவது, கடைசித் தேதியைத் தவறவிடுவதற்குச் சமம்.

குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15 என்ற பொதுத் தேதியை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல துறைகள் அதற்கு மாதங்கள் முன்பே கதவை மூடிவிடும். ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் உள்ள தேதியைத் தனித்தனியாக ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அந்தத் தேதிக்கு ஆறு வாரம் முன்னால் அனுப்புவதை உங்கள் கடைசித் தேதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆவணம் குறைகிறது என்று அவர்கள் எழுதினால் சரிசெய்ய நேரம் வேண்டும்.

9. பணம்

பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. செமஸ்டர் பங்களிப்பு மட்டும் உண்டு. ஆனால் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ட்யூபிங்கன், ஸ்டுட்கார்ட், கொன்ஸ்டான்ஸ், ஹைடெல்பர்க் ஆகியவை அங்கேதான் இருக்கின்றன. நான்கு செமஸ்டருக்கு 6,000 யூரோ. அதற்குத் தயாராக இருந்தால் மட்டும் பட்டியலில் வையுங்கள்.

விசாவுக்கு, ஓராண்டு வாழ்க்கைச் செலவை முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ, அதாவது பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். இது கட்டணம் இல்லை. அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும். இதைப் புரிந்துகொள்ளாமல் ‘அவ்வளவு கட்ட முடியாது’ என்று வீட்டில் பின்வாங்கியவர்கள் உண்டு. அம்மா அப்பாவிடம் முதல் நாளே தெளிவாகச் சொல்லுங்கள். கல்விக்கடன் வாங்குவதாக இருந்தால், அட்மிஷன் கடிதம் வரும் முன்பே வங்கியில் பேசி, சொத்துப் பத்திரம், ஜாமீன்தாரர் ஆவணம் எல்லாவற்றையும் தயார் செய்யுங்கள். கடிதம் வந்த பிறகு தொடங்கினால் விசாவுக்கான வாரங்களைக் கடன் விழுங்கிவிடும்.

பகுதிநேர வேலையை நம்பி முதல் ஆண்டைக் கணக்கிடாதீர்கள். மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். மொழியியலில் கிடைக்கும் நல்ல வேலை ‘ஹிவி’ எனப்படும் துறை உதவியாளர் பணி: ஒலிப்பதிவை எழுத்தாக்குவது, தரவுக்குக் குறிச்சொல் இடுவது. பேராசிரியர்கள் உங்களை அறிந்த பிறகே அது வரும். ‘டாய்ச்லண்ட்ஸ்டிபெண்டியும்’ என்ற உதவித்தொகை மாதம் 300 யூரோ. பல்கலைக்கழகம் வழியாகவே கிடைப்பதால், சேர்ந்ததும் அதன் அறிவிப்பைக் கவனியுங்கள்.

10. விசா

அட்மிஷன் கடிதம் கைக்கு வந்த அன்றே விசா வேலையைத் தொடங்குங்கள். கட்டணம் 75 யூரோ அளவு. ஏ.பி.எஸ். சான்றிதழ், முடக்கப்பட்ட கணக்கின் உறுதிக் கடிதம், மருத்துவக் காப்பீடு, அட்மிஷன் கடிதம், பட்டச் சான்றிதழ்கள், ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், நோக்கக் கடிதம் ஆகியவை வேண்டும். விசாவுக்கான நோக்கக் கடிதம் துறைக்கு எழுதியதிலிருந்து வேறுபட வேண்டும். ‘ஏன் மொழியியல், அதன் பிறகு என்ன வேலை’ என்று தொழில்நுட்பச் சொல் இல்லாமல் எழுதுங்கள். இரண்டு கடிதங்களிலும் உள்ள தகவல்கள் ஒன்றோடொன்று முரண்படக் கூடாது.

11. காத்திருக்கும் மாதங்கள்

பிராட் என்ற ஒலிப்பகுப்பாய்வு மென்பொருளை இறக்கி, உங்கள் குரலில் லகர, ளகர, ழகரச் சொற்களைப் பதிவுசெய்து அலைவடிவத்தைப் பாருங்கள். ஈலான் என்ற மென்பொருளில் ஐந்து நிமிட உரையாடல் ஒன்றை வரிவரியாக எழுத்தாக்குங்கள். ஆர் நிரல்மொழியில் அடிப்படைப் புள்ளியியல் கற்றுக்கொள்ளுங்கள். மூன்றும் இலவசம். கலைப் பிரிவிலிருந்து வருபவர்கள் புள்ளியியல் என்றதும் அஞ்சுகிறார்கள். சோதனைமுறை பாடங்களில் அது இல்லாமல் இரண்டாம் வாரத்தைத் தாண்ட முடியாது.

ஜெர்மன் மொழியும் கற்கத் தொடங்குங்கள். சென்னையில் கதே நிலையமும் கோவையில் கதே மையமும் இருக்கின்றன. வகுப்பறைக்கு வெளியே வீட்டுக்காரர், மருத்துவர், நகராட்சி அலுவலர் எல்லாரும் ஜெர்மனில்தான் பேசுவார்கள்.

தங்குமிடத்துக்கு, மாணவர் விடுதி அமைப்பின் காத்திருப்புப் பட்டியலில் அட்மிஷன் வந்த அன்றே பெயரைப் பதியுங்கள். பார்க்காத அறைக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

12. போய்ச் சேர்ந்த முதல் ஆறு வாரம்

வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதித் தாள் தேவை. சாவி வாங்கும்போதே அதையும் வாங்கிவிடுங்கள். முகவரிப் பதிவு இல்லாமல் வங்கிக் கணக்கு, குடியிருப்பு அனுமதி எல்லாம் பின்னால் தள்ளிப்போகும்.

முதல் செமஸ்டரில் 30 ஈ.சி.டி.எஸ். எடுப்பதுதான் திட்டம் என்றாலும், அடிப்படை குறைவாக இருப்பவர்கள் ஒரு பாடத்தைக் குறைத்துக்கொண்டு, இளங்கலை அறிமுக வகுப்பு ஒன்றில் கேட்பவராக உட்காருங்கள். பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். பேராசிரியர்களின் சந்திப்பு நேரத்துக்கு வாரம் ஒருமுறை போங்கள். கேள்வியோடு போகிறவரை அவர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள். ஹிவி வேலையும் ஆய்வேட்டு நெறியாளரும் அந்த அறையிலிருந்துதான் கிடைக்கின்றனர்.

வகுப்புக்குப் பதிவுசெய்வதும் தேர்வுக்குப் பதிவுசெய்வதும் பெரும்பாலான இடங்களில் தனித்தனி. செமஸ்டர் நடுவில் சில வாரங்களுக்கு மட்டும் தேர்வுப் பதிவு திறந்திருக்கும். நான் முதல் செமஸ்டரில் ஒலியனியல் வகுப்பு ஒன்றையும் விடாமல் போய், எல்லாப் பயிற்சித் தாளும் கொடுத்து, தேர்வுப் பதிவை மட்டும் தவறவிட்டேன். தேர்வறையில் என் பெயர் இல்லை. அந்தப் பாடத்தை அடுத்த ஆண்டு மறுபடியும் முதலிலிருந்து எடுத்தேன். நவம்பர் தொடக்கத்திலேயே உங்கள் துறை அலுவலகத்தில் அந்தத் தேதிகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.